ஆறு மாதம் மறைந்திருந்த முடக்குவாதம்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகருக்கு வடக்கே கடலோரக் கிராமம் ஒன்றில் வாழும் ஒரு பெண்ணின் நோய்ப் பதிவு இது. அந்தப் பக்கத்துச் சிறிய அரச வைத்தியசாலை ஒன்றில் நான் மருத்துவராக வேலை செய்கிறேன். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கக் குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வெளிநோயாளர் பிரிவில் மூட்டு வலிக்காரர்களை நாள்தோறும் பார்க்கும் இளம் மருத்துவர்கள், மருந்தாளர்கள், தாதியர், வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

பின்னணி

அவருக்கு வயது 46. கணவர் கடற்றொழில் செய்கிறார். இவர் பருவத்துக்கு வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போவார். மூன்று பிள்ளைகள். மூத்த மகன் மணமுடித்து அதே வளவில் இருக்கிறார், கடைசி மகள் தரம் 10 படிக்கிறாள். முன்பு பெரிய நோய் எதுவும் இல்லை. தாயின் தமக்கை ஒருவருக்குக் கைவிரல்கள் கோணி, கடைசிக் காலத்தில் சோறு பிசைந்து சாப்பிடக்கூட முடியாமல் போனதாகச் சொன்னார்கள். அது என்ன நோய் என்று யாரும் பெயர் சொல்லவில்லை.

முடக்குவாதம், அதாவது ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ், அரிய நோயல்ல. 1993ல் வெளிவந்த ஒரு வட இந்தியக் கிராமப்புற ஆய்வு, வளர்ந்தவர்களில் 0.75 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கண்டது. வாதநோய்களைச் சமூகத்துக்குள் போய்த் தேடும் கொப்கோர்ட் என்ற திட்டத்தை உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச வாதநோய்க் கழகமும் 1981ல் தொடங்கின. அந்த முறையில் 1996ல் புனேக்கு அருகே பிக்வான் கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய அரை சதவீதம் என்று வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அந்த எண்களை அப்படியே நம் மாவட்டத்துக்குப் பொருத்திவிட முடியாது, சரி. ஆனாலும் அதே அளவில் நினைத்துப் பார்த்தால், பத்தாயிரம் பெரியவர்கள் உள்ள ஒரு பகுதியில் 50 முதல் 75 பேர் இருக்க வேண்டும். எங்கள் கிளினிக் பதிவேட்டில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்தப் பெண்ணின் கதை ஒரு பதில் தருகிறது.

முதல் ஆறு மாதம்

மாரி மழை ஓயும் ஜனவரியில் வீட்டில் மூவருக்குக் காய்ச்சல் வந்தது: கணவர், மூத்த மகன், இவர். மூன்று நான்கு நாள் கடுங்காய்ச்சல், உடம்பெல்லாம் உளைவு, கணுக்காலிலும் மணிக்கட்டிலும் வலி. அயலிலும் சிலருக்கு இருந்தது. சிக்குன்குன்யா என்று எல்லோரும் சொன்னார்கள். இரத்தம் சோதிக்கவில்லை. 2006ன் கடைசியில் தொடங்கி மறுவருடமும் நீடித்த பெரிய தொற்றைக் கண்ட ஊர் இது. காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு உளையும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கணவரும் மகனும் சில கிழமைகளில் தேறிவிட்டார்கள். இவருக்கு மட்டும் போகவில்லை. மார்ச்சில் விரல் மூட்டுகள் வீங்கின. பரியாரியாரிடம் எண்ணெயும் சூரணமும் வாங்கினார். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போனார்கள், ஏழு கிணற்றிலும் அள்ளி வார்த்தார்கள். அன்றைக்குச் சுகமாக இருந்தது, மறுநாள் விடிய அதே விறைப்பு.

ஏப்ரலில் அயலவர் ஒருவர் சொல்லி, தனியார் மருந்துக்கடை ஒன்றில் குளிசை வாங்கினார். பெயர் எழுதாத பேப்பர் கவர், மேலே காலை ஒன்று இரவு ஒன்று என்பதற்கான குறி மட்டும். இரண்டே நாளில் வீக்கம் வற்றியது. தோட்டத்துக்குத் திரும்பப் போனார். குளிசை முடிந்து நான்காம் நாள் பழையபடி. திரும்ப வாங்கினார். இப்படியே ஜூலை வரை போனது. சில நாள் ஒன்று, தோட்ட வேலை கூடினால் மூன்று.

இதற்காக அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 1948ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்தபோது, படுக்கையிலிருந்த பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டே வருடத்தில் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறது, நிறுத்தாவிட்டால் உடம்பு கெடுகிறது என்பது அதன் பிறகுதான் உலகத்துக்கு உறைத்தது. பெரிய பெரிய மருத்துவர்களையே மயக்கிய நிவாரணம் ஒரு தோட்டக் கூலிப் பெண்ணை மயக்கியதில் வியப்பில்லை.

வைத்தியசாலையில் கண்டது

ஜூலையில் அவர் எங்களிடம் வந்தது கைக்காக அல்ல. அடிக்கடி தாகம், இரவில் பல தடவை சிறுநீர். வெறும் வயிற்றில் சீனி 168, இரத்த அழுத்தம் 146/92. முகம் உப்பியிருந்தது, முன்கையில் நீலம் பாரித்த திட்டுகள். நீரிழிவு என்று கொப்பியில் எழுதி அனுப்பியிருக்கலாம். சீனி சோதிக்க விரலில் குத்தும்போது, கையை மெல்லப் பிடித்ததற்கே அவர் முகம் சுளித்ததைத் தாதி கவனித்துச் சொன்னார். இந்த நோயாளியின் பாதை திரும்பியது அந்த இடத்தில்தான்.

இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. ஆட்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் அடி மூட்டுகள் இரு கையிலும் பஞ்சு போல மெத்தென்று இருந்தன. முஷ்டி மடக்க முடியவில்லை. பாதத்தின் முன்பகுதியைப் பக்கவாட்டில் அழுத்தியபோது காலை இழுத்துக்கொண்டார்.

காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மணிக்கணக்கு சொல்லமாட்டார்கள். இவர் சொன்னது: "மகள் பள்ளிக்கூடம் வெளிக்கிடும் வரைக்கும் இருக்கும் டொக்டர். அவளுக்கு இரட்டைப் பின்னல்கூட இப்ப பின்னிவிட ஏலாது." அவர் எழும்புவது ஐந்து மணிக்கு, மகள் வெளிக்கிடுவது ஏழுக்கு. ஆக இரண்டு மணித்தியாலம், அதுவும் குளிசை போட்டுக்கொண்டே. தேய்மானத்தால் வரும் மூட்டு வலியில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும்.

வீட்டு வேலையில் எது முடியவில்லை என்று கேட்டோம். இடியப்பம் பிழிய முடியவில்லை, தேங்காய் துருவ முடியவில்லை, ஈரச் சேலையை முறுக்க முடியவில்லை. இயலாமையை அளக்க 1980ல் ஸ்டான்ஃபோர்டில் உருவான எச்.ஏ.கியூ. கேள்வித்தாள் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் இறைச்சி வெட்டுவதும் பால் பெட்டி திறப்பதும் வரும். நம் பெண்களிடம் இடியப்ப உரலைக் கேட்பதே சரியான கேள்வி. உள்ளங்கை, விரல், மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து பலம் கொடுக்க வேண்டிய வேலை அது.

குளிசையின் பெயர் தெரியாமல் எதையும் தொடங்க முடியாது. மகன் கடைக்குப் போய்ப் பெயர்களை எழுதுவித்துக்கொண்டு வந்தார்: கோர்ட்டிசோன் வகை ஸ்டீரொயிட்டான பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம், வலிக்கான டைக்ளோஃபெனாக், வயிற்றுக்கான ஃபமோடிடின். சீனியையும் அழுத்தத்தையும் ஏற்றி முகத்தை உப்பவைப்பது பிரெட்னிசொலோன்.

சோதனைகளில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 78, சி.ஆர்.பி. 41, இரண்டும் அதிகம். முடக்குவாதத்தில் உயரும் எதிர்ப்பொருளான ருமட்டொயிட் ஃபாக்டர் 128, மேல் எல்லை 20. இன்னொரு எதிர்ப்பொருளான ஆன்டி சி.சி.பி. சோதனையை வெளியே செய்ய வேண்டியிருந்தது, அதுவும் உயர்ந்த அளவில் வந்தது. ஈரல், சிறுநீரகம் சரி. ஹெப்பட்டைட்டிஸ் பி, சி இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். கை எக்ஸ்ரேயில் மூட்டை ஒட்டிய எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது, அரிப்பு தெரியவில்லை. பாத எக்ஸ்ரேயில் வலது சுண்டுவிரலின் அடி மூட்டில் எலும்பு அரிக்கத் தொடங்கியிருந்தது. கையை மட்டும் படம் எடுத்திருந்தால் இது தப்பியிருக்கும். முடக்குவாதத்தின் முதல் அரிப்பு பல பேருக்குப் பாதத்தில்தான் தெரியும்.

சிக்குன்குன்யாவா, முடக்குவாதமா

இந்த இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை. இரண்டும் சிறு மூட்டுகளை இரு பக்கமும் ஒரேமாதிரித் தாக்கும், இரண்டிலும் காலை விறைப்பு உண்டு. 2010ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலில் பத்துக்கு ஆறு புள்ளி வந்தால் முடக்குவாதம் என்று வகைப்படுத்தலாம். இவருக்குப் பத்துக்குப் பத்தும் வந்தது: பத்துக்கு மேற்பட்ட மூட்டுகளுக்கு 5, இரத்தத்தில் உயர்ந்த எதிர்ப்பொருளுக்கு 3, அழற்சிக்கு 1, ஆறு கிழமை தாண்டியதற்கு 1. ஆனால் நாட்பட்ட சிக்குன்குன்யாக்காரர் சிலரும் இதே அளவுகோலில் ஆறு புள்ளியை எட்டிவிடுவதுண்டு. அதனால் புள்ளிக் கணக்கை மட்டும் நம்பவில்லை.

எங்களை ஒரு பக்கம் சாய்த்தவை மூன்று. சிக்குன்குன்யா வலி பொதுவாக மாதம் போகப் போகக் குறையும், ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் இறங்குமுகம். இவருக்கு மார்ச்சைவிட ஜூலை மோசம். இரண்டாவது, ஆன்டி சி.சி.பி. இவ்வளவு உயர்வது முடக்குவாதத்தின் அடையாளம், சிக்குன்குன்யாவில் வழக்கமில்லை. மூன்றாவது, அந்தச் சுண்டுவிரல்.

சிக்குன்குன்யா எதிர்ப்பொருள் சோதனையைச் செய்யவில்லை. காய்ச்சல் வந்து ஆறு மாதமான பிறகு, ஐ.ஜி.ஜி. என்ற நீண்ட காலம் தங்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தால் முன்பு எப்போதோ தொற்றியது என்று மட்டுமே தெரியும். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு அது இருக்கும். முடிவு எப்படி வந்தாலும் எங்கள் அடுத்த படி மாறியிருக்காது, அப்படியிருக்க அந்தக் குடும்பத்தின் காசை அதில் செலவழிக்க மனம் வரவில்லை. ஜனவரிக் காய்ச்சல் சிக்குன்குன்யாவாகவே இருந்திருக்கலாம். அதற்காக அதன் பிறகு வந்ததெல்லாம் அதன் மிச்சம் என்று ஆகிவிடாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோயின் தீவிரத்தை, மூட்டு வலி, வீக்கம், இரத்தத்தில் அழற்சி எல்லாவற்றையும் சேர்த்துப் புள்ளியிடும் டாஸ்28 முறையில் கணக்கிட்டோம்: 6.9. அதில் 5.1க்கு மேல் என்றாலே கடும் நோய். வாதநோய் விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்பினோம். அவர் தொடங்கிக் கொடுப்பது, மாதாந்தக் கண்காணிப்பு எங்கள் பொறுப்பு என்று பேசி முடிவானது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து பஸ்ஸில் தூரம் போவதென்றால் மூன்றாம் மாதம் வராமல் விட்டுவிடுவார்கள். அதை நிபுணரும் நன்றாக அறிந்திருந்தார்.

மெதோட்ரெக்ஸேட் கிழமைக்கு ஒரு நாள் 10 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிகிராம் குளிசை நான்கு. வெள்ளிக்கிழமை இரவைத் தெரிந்துகொண்டார், அது அவருக்குக் கோவில் நாள். மற்ற ஆறு நாளும் அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அசிட் ஒன்று. 1980களில் முடக்குவாதத்தில் நிரூபிக்கப்பட்ட இந்த மருந்து இன்றும் சிகிச்சையின் முதுகெலும்பு. இரண்டு மூன்று மாதம் போனால்தான் முழுப் பலன் தெரியும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தோம். இரண்டு நாளில் வலி போன அனுபவம் உள்ளவரிடம் இதைச் சொல்லாவிட்டால் பேப்பர் கவருக்கே திரும்பிவிடுவார்.

கர்ப்பத்தைப் பற்றித் தனியாகக் கேட்டோம். கருவில் உள்ள பிள்ளையை மெதோட்ரெக்ஸேட் கெடுக்கும், 46 வயதானாலும் மாதவிடாய் நிற்காதவரிடம் கேட்டே ஆக வேண்டும். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்திருந்தார்.

பிரெட்னிசொலோனை ஒரேயடியாக நிறுத்தவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் வெளியிலிருந்து கிடைத்த ஸ்டீரொயிட்டுக்குப் பழகிய உடம்பு, தன் சொந்த உற்பத்தியைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, அழுத்தம் விழுதல் என்று ஆபத்தாகலாம். 10 மில்லிகிராமில் நிலைநிறுத்திப் படிப்படியாகக் குறைத்தோம். டைக்ளோஃபெனாக் நின்றது. சீனிக்கு மெட்ஃபோர்மின், எலும்புக்குக் கல்சியமும் விற்றமின் டியும் சேர்ந்தன.

பரியாரியாரின் எண்ணெயைத் தொடரச் சொன்னோம். உள்ளுக்கு எடுத்த சூரணத்தை மட்டும் விடச் சொன்னோம், ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்தோடு என்னவென்று தெரியாத இன்னொன்று வேண்டாம் என்பதால். கன்னியாவுக்கும் தடையில்லை. வெந்நீர் விறைப்பைத் தளர்த்தும், எலும்பு அரிப்பதை நிறுத்தாது. இதை இப்படி நேராகச் சொன்னபோது குடும்பத்தார் ஏற்றுக்கொண்டார்கள்.

மஞ்சள் குளிசை

முதல் ஆறு கிழமை நன்றாகப் போனது. மாதச் சோதனைகள் சரி. அக்டோபரில் இரண்டாவது தொகுதி மருந்து வீட்டுக்குப் போனது. மெதோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் அசிட்டும் சிறிய மஞ்சள் குளிசைகள். மழையில் கவர்கள் ஈரமாகிவிட, மருமகள் நல்லெண்ணத்தோடு இரண்டையும் தனித்தனிப் போத்தலில் போட்டு வைத்தார். போத்தல்கள் மாறின. வெள்ளி இரவு நான்கு ஃபோலிக் அசிட், மற்ற நாட்களில் தினமும் ஒரு மெதோட்ரெக்ஸேட் என்று ஆனது.

கிழமைக்கு ஆறு குளிசை என்று கூட்டிப் பார்த்தால் அளவு அவ்வளவு அதிகமாகத் தெரியாது. இந்த மருந்தில் மொத்த அளவைவிட இடைவெளி முக்கியம். கிழமைக்கு ஒரு தடவை போட்டால் வாயின் உட்தோலும் எலும்பு மச்சையும் இடையில் தேறிக்கொள்ளும். தினமும் போட்டால் தேற நேரமில்லை.

பதினோராம் நாள் வாயெல்லாம் புண். கறி உறைக்கிறது, தண்ணீர் விழுங்கவும் வலி என்று வந்தார். வாய்ப்புண் வந்தால் அடுத்த கிளினிக் வரை பார்த்திராமல் அன்றே வரச் சொல்லியிருந்தோம், மகள் அதை நினைவில் வைத்திருந்து கூட்டி வந்தாள். போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு வந்தது அந்தப் பிள்ளைதான். வெள்ளை அணுக்கள் 2,600, இரத்தத் தட்டுகள் 96,000, இரண்டும் குறைவு. காய்ச்சல் இல்லை, சிறுநீரகம் சரி. உடனே பெரிய வைத்தியசாலைக்கு மாற்றினோம். மெதோட்ரெக்ஸேட் நிறுத்தப்பட்டு, அதன் நச்சை முறிக்கும் ஃபோலினிக் அசிட் கொடுக்கப்பட்டது. பத்து நாளில் புண் ஆறியது, அணுக்களும் ஏறின.

இப்போது கடினமான கேள்வி: திரும்பத் தொடங்குவதா? குடும்பம் பயந்துபோயிருந்தது. "அந்த மருந்து அம்மாவுக்கு ஒத்துவராது டொக்டர்" என்றார் மகன். போத்தல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குளிசை எது என்று காட்டி விளக்கினோம். சரியாகப் போட்ட ஆறு கிழமையில் ஒரு கெடுதலும் வரவில்லை என்பதைக் கிளினிக் கொப்பியிலிருந்தே படித்துக் காட்டினோம். மருமகள் அழுதுவிட்டார். அவர்மேல் பழி விழாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் பகுதியாகவே எங்களுக்குப் பட்டது, நாளைக்கும் அந்த வீட்டில் மருந்தை எடுத்துக் கொடுக்கப் போகிறவர் அவர்தான்.

நவம்பர் கடைசியில் 7.5 மில்லிகிராமில் திரும்பத் தொடங்கினோம். நிபுணரின் சம்மதத்தோடு தினசரி ஃபோலிக் அசிட் நின்றது. பதிலாகத் திங்கட்கிழமை மட்டும் 5 மில்லிகிராம் ஒன்று. ஆக, தினமும் போட வேண்டிய மஞ்சள் குளிசை என்று வீட்டில் எதுவுமே இல்லை. மெதோட்ரெக்ஸேட் நான்கு கிழமைக்கு மேல் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கும் தனிக் கவர், சிவப்புப் பேனையால் திகதியும் "வெள்ளி இரவு மட்டும்" என்பதும். வெறும் கவர்களைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் அடுத்த மாதக் கவர்கள்.

பிறகு நடந்தது

பெப்ரவரியில் டாஸ்28 4.9. குறைந்திருந்தது, போதாது. நன்றாக இருக்கிறது, இப்படியே விடலாம் என்று அவரே சொன்னார். இங்கே 2004ல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு ஒன்று எங்களுக்கு வழிகாட்டியது. டிகோரா என்று அதற்குப் பெயர். நோயாளிகளை மாதம் ஒரு முறை பார்த்து, புள்ளி இறங்காவிட்டால் மருந்தைக் கூட்டிக்கொண்டே போன குழுவில் 65 சதவீதம் பேர் நோய் அடங்கிய நிலையை எட்டினார்கள். வழக்கம்போலப் பார்த்த குழுவில் 16 சதவீதம்தான். அதில் விலையுயர்ந்த புது உயிரியல் மருந்து எதுவும் இல்லை, பழைய மருந்துகளே. மாவட்ட வைத்தியசாலைகளில் வேலை செய்யும் நமக்கு இதைவிட நம்பிக்கை தரும் ஆய்வு அதிகமில்லை என்று நினைக்கிறேன். மெதோட்ரெக்ஸேட்டைப் படிப்படியாக 15 மில்லிகிராமாக்கி, முடக்குவாதத்துக்கான இன்னொரு பழைய மருந்தான ஹைட்ரொக்சிகுளோரோகுயின் 200 மில்லிகிராம் சேர்த்தோம்.

ஏப்ரலில் பிரெட்னிசொலோன் முற்றாக நின்றது. ஆகஸ்டில் டாஸ்28 2.8. நோய் முற்றாக அடங்கியது என்று சொல்ல 2.6க்குக் கீழே வர வேண்டும், அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கிறார். விறைப்பு பத்து நிமிடம். வெறும் வயிற்றுச் சீனி 104, மெட்ஃபோர்மின் பாதியாகக் குறைந்தது. தோட்டத்துக்குத் திரும்பப் போகிறார், வெங்காயம் பிடுங்கும் நாட்களில் மட்டும் மணிக்கட்டுப் பட்டி கட்டிக்கொள்கிறார். மகளுக்குப் பின்னல் பின்னிவிடுகிறார். இடியப்பம் மட்டும் இன்னும் கணவர்தான் பிழிகிறார், வலது நடுவிரல் முழுதாக மடங்குவதில்லை. அந்த விரலில் இழந்தது திரும்ப வராது. மார்ச்சில் தொடங்கியிருந்தால் அது மிஞ்சியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மிஞ்சியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

காய்ச்சலுக்குப் பின் மூட்டு வலி என்று வருகிறவர்களை ஆறு கிழமை தாண்டியும் வலி இருந்தால் திரும்ப வரச் சொல்லி இப்போது கொப்பியில் திகதி போட்டுக் கொடுக்கிறோம். வந்தால் விறைப்பு நேரத்தைக் கேட்டு, கையையும் பாதத்தையும் அழுத்திப் பார்க்கிறோம். இதற்கு ஒரு நிமிடம் போதும். வெளியே வாங்கிய குளிசையைக் கவரோடு கொண்டுவரச் சொல்கிறோம். புதிதாகச் சீனியோ அழுத்தமோ கூடி முகமும் உப்பியிருந்தால், மூட்டு வலிக்கு ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்டதில் இன்னும் சிலர் வெளியே வந்திருக்கிறார்கள். பதிவேட்டில் காணாமற்போனவர்களில் ஒரு பகுதியினர் அவர்களே.

மருந்துக்கடைகளோடு பேசுவது இன்னும் சரியாக நடக்கவில்லை. பிரெட்னிசொலோன் உயிர் காக்கும் மருந்து, அதைக் கடையிலிருந்து ஒழிக்கச் சொல்லவில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள், கவரில் பெயரை எழுதுங்கள், இந்த இரண்டையும்தான் கேட்கிறோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழியாக இதை எடுத்துச் செல்ல முயல்கிறோம். குடும்பநல உத்தியோகத்தர்களும் வீடுகளுக்குப் போகும்போது இடியப்ப உரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால், கொப்கோர்ட் தேடியது போல வீட்டு வாசலிலேயே நோயைக் கண்டுபிடிக்க முடியும் என்பது என் நம்பிக்கை. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முன்வைக்க இருக்கிறேன்.

அவருக்கு இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தச் சோதனை. கண்ணைப் பாதிக்கக்கூடிய ஹைட்ரொக்சிகுளோரோகுயினுக்காக முதல் கண் பரிசோதனையைச் செய்துவிட்டோம். பாத எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்தோம், சுண்டுவிரலின் அரிப்பு பழைய அளவிலேயே நிற்கிறது, புதிதாக எதுவும் இல்லை. அடுத்த படம் வருகிற ஆகஸ்டில்.